கல்யாண வீடும் குடித்தன வீடும்

நியா வர்டலோஸ் எழுதி நடித்த 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' படத்தைக் கல்லூரிக் காலத்தில் பத்து முறையாவது பார்த்திருப்பதாகத் தொண்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அதன் இரண்டாம் பாகத்தை அண்மையில் கணவருடன் உட்கார்ந்து பார்த்தபோது, அதே முகங்களும் அதே வீடும் அதே வேடிக்கைகளும் இருந்தும் எதுவுமே மனத்தில் ஒட்டவில்லை என்கிறார். படம் கெட்டதா, தமக்கு வயதாகிவிட்டதா என்பது அவர் கேள்வி. மூன்றாம் பாகத்தையும் பார்க்கலாமா என்பது துணைக்கேள்வி.

நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதின் மேல் பழி இல்லை. குறை படத்தில்தான் இருக்கிறது. அதுவும் நடிப்பிலோ நகைச்சுவையிலோ அங்கங்கே தென்படும் சில்லறைக் குறையன்று. பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் வாசலைத் திறக்கும்போது யாரைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று எடுத்த முடிவிலேயே அது இருக்கிறது. அதை விளக்க, முதல் படம் ஏன் அவ்வளவு உறுதியாக நின்றது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நான் கீழக்கரையில் மாப்பிள்ளையாக வந்து மனைவி வீட்டிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துகொண்டிருப்பவன் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தப் படங்களை நான் எடைபோடும் விதத்தில் அந்த வாழ்க்கைக்குப் பெரும்பங்கு உண்டு.

முதல் படம் 2002 ஏப்ரலில் வெளிவந்தது. இயக்கியவர் ஜோயல் ஸ்விக். ஏறத்தாழ 50 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட அந்தச் சிறிய படம், வார இறுதி வசூலில் ஒருமுறைகூட முதலிடத்துக்கு வராமலேயே மாதக்கணக்கில் ஓடி, உலகெங்கும் 36 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதற்கு மூலம், கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்த வர்டலோஸ் தம் குடும்பக் கதைகளை வைத்துத் தனி ஒருவராக மேடையில் நடித்துவந்த நிகழ்ச்சி. கிரேக்க வேர் கொண்ட நடிகை ரீட்டா வில்சன் அதைப் பார்த்துவிட்டுத் தம் கணவர் டாம் ஹாங்க்ஸிடம் சொல்ல, இருவரும் தயாரிப்பில் இறங்கினார்கள். வர்டலோஸின் கணவராக அப்போது இருந்த நடிகர் இயன் கோமெஸ் கிரேக்கர் அல்லர். திருமணத்துக்காக அவர்களுடைய திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். படத்தில் மணமகனின் நண்பராக வருபவர் அவர்தான். ஆக, அந்தத் திரைக்கதை வாழ்ந்து பார்த்தவர் எழுதியது. சிறந்த மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதுக்கு அது பரிந்துரைக்கப்பட்டதில் எனக்கு வியப்பில்லை.

கதை உங்களுக்குத் தெரியும். சிகாகோவில் உணவகம் நடத்தும் கிரேக்கக் குடும்பம். முப்பது வயதாகியும் மணமாகாத மகள் டூலா. அவள் விரும்புவது இயன் என்னும் ஆசிரியரை; அவர் கிரேக்கரல்லாதவர், போதாக்குறைக்கு இறைச்சி உண்ணாதவர். இதில் நாம் அதிகம் பேசாத ஒன்று உண்டு. அந்தப் படத்தில் ஒவ்வொருவருக்கும் இழப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது. தந்தை கஸ் தம் மகளை மட்டுமல்லாமல், கடல் கடந்து வந்து கட்டிக்காத்த மொழியையும் வழிபாட்டையும் ஓர் அந்நியன் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. டூலாவுக்குத் தன் வீட்டாரைப் பற்றிய வெட்கம் இருந்தது. அந்த வெட்கத்தை விட்டால்தான் திருமணம், விடாவிட்டால் தனிமை. இயன் தம் சமயத்தைக் கடந்து, ஒரு குழந்தையைப்போல் எண்ணெய் பூசப்பட்டு, ஞானஸ்நானத் தொட்டிக்குள் நிற்க வேண்டியிருந்தது. நாம் சிரித்துக்கொண்டே பார்த்தோம். ஆனால் அந்தக் கல்யாணம் நடக்காமலே போய்விடலாம் என்ற அச்சம் சிரிப்பின் அடியில் இருந்துகொண்டே இருந்தது.

நம் கடற்கரையில் இந்தப் படம் இவ்வளவு விரும்பப்பட்டதற்குக் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதன் வேர் கிரேக்கம்தான் என்று நிறுவிவிடும் கஸ்ஸைப்போல, எந்தச் சொல்லையும் தமிழின் மடியில் கொண்டுவந்து அமர்த்தும் பெரியவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களை நாம் மதிக்கவும் செய்கிறோம். வருங்காலச் சம்பந்தி கொண்டுவந்த நடுவில் ஓட்டையுள்ள கேக்கைப் பார்த்துக் குழம்பி, அந்த ஓட்டையில் ஒரு பூந்தொட்டியை வைத்துத் தரும் தாய் மரியாவைப் பார்க்கும்போது, கீழக்கரைத் தொதல் என்னும் இனிப்பை முதன்முதலாகப் பார்த்து 'இது அல்வாவா, வேறு எதுவுமா' என்று திகைத்து நின்ற வெளியூர்ச் சம்பந்திகளின் முகங்கள் எனக்கு நினைவுக்கு வரும். கிரேக்கர்கள் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். வைகை கடலில் சேரும் இடத்தருகே உள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது உரோமானிய நாணயங்களும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. யவனர் என்று நம் முன்னோர் அழைத்தவர்களின் வணிகம் வந்து தொட்ட கரை இது.

எல்லாவற்றிலும் என்னை ஆழமாகத் தொட்டது முதல் படத்தின் கல்யாணப் பரிசு. விருந்து மண்டபத்தில் கஸ் ஓர் உறையைக் கொடுக்கிறார். அதில் இருப்பது ஒரு வீட்டின் பத்திரம். அது தம் வீட்டுக்குப் பக்கத்து வீடு என்பது இறுதியில்தான் நமக்குத் தெரியவருகிறது. அமெரிக்கத் திரையரங்குகளில் அந்த இடத்தில் சிரிப்பொலி எழுந்திருக்கும்: விடாப்பிடியான தந்தை மகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொண்டார் என்ற சிரிப்பு. கீழக்கரையில் அது சிரிப்பே அல்ல. எங்கள் ஊர் மரைக்காயர் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்தால் வீட்டைப் பற்றிய கவலையும் உடன்பிறக்கும். கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அக்கா வீடும் தங்கை வீடும் சுவரோடு சுவராக நிற்கும் தெருக்கள் அப்படி உருவானவைதாம். ஆகவே அந்தப் பரிசு எங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை. ஒரு வாப்பா முறையாகச் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார் என்றே தோன்றியது.

2003-இல் என் மச்சினர் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது டிவிடியாக அதைக் கொண்டுவந்தார். வீட்டில் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்க, நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆண் தலையென்றால் பெண் கழுத்து, கழுத்து திருப்புகிற பக்கம்தான் தலை திரும்பும் என்று மரியா மகளுக்குச் சொல்லும் இடத்தில், என் மாமியார் ஒன்றும் சொல்லாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணாடி துடைக்கும் வின்டெக்ஸ் என்னும் நீலத் திரவத்தைச் சொறிக்கும் சுளுக்குக்கும் தெளிக்கிற கஸ்ஸைப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் ஒரு மாதம் வீடெங்கும் எதையாவது தெளித்துக்கொண்டே திரிந்தார்கள்.

அந்த வின்டெக்ஸை வைத்தே இரண்டாம் பாகத்தின் குறையைச் சொல்லத் தொடங்கலாம். முதல் படத்தில் அது முதலில் ஒரு கிழவரின் கிறுக்கு. பிறகு, கல்யாண நாளன்று முகத்தில் பரு வந்துவிட்டதே என்று மணமகள் கலங்கும்போது, தனக்கும் காலையில் ஒன்று வந்தது, வின்டெக்ஸ் போட்டேன், போய்விட்டது என்கிறார் இயன். மாமனாரின் மூடநம்பிக்கை மருமகனின் கைக்கு மாறிவிட்டது. அவர் அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டார் என்பதற்கு ஞானஸ்நானத்தைவிட வலுவான சான்று அந்த ஒரு வசனம். வேடிக்கை அங்கே அன்பாகக் கனிந்துவிட்டது. அத்தோடு அதன் வேலையும் முடிந்துவிட்டது. இரண்டாம் பாகத்தில் வின்டெக்ஸ் மறுபடி வருகிறது. சொல்வேர் ஆராய்ச்சியும், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் கூடமும் மறுபடி வருகின்றன. எதுவும் எங்கேயும் கனியவில்லை. நாம் முன்பு சிரித்ததை நினைவுபடுத்துவதற்கே அவை வருகின்றன.

இரண்டாம் பாகம் 2016 மார்ச்சில் வந்தது. இயக்கியவர் கிர்க் ஜோன்ஸ்; எழுதியவர் மீண்டும் வர்டலோஸ். செலவு 1.8 கோடி டாலர், வசூல் ஏறத்தாழ 9 கோடி டாலர். ஆகவே வணிகத்தில் தோற்றது என்று சொல்ல முடியாது. மக்கள் அன்போடு போய்ப் பார்த்தார்கள் என்பதே அந்தத் தொகையின் பொருள். கதை இதுதான். டூலாவுக்கும் இயனுக்கும் பதினேழு வயதில் பாரிஸ் என்றொரு மகள். அவள் கல்லூரிக்கு வெளியூர் போய்விடுவாளோ என்று தாய்க்குக் கலக்கம். தாம் மாமன்னர் அலெக்சாந்தரின் வழிவந்தவர் என்று நிறுவப் பழைய ஆவணங்களைப் புரட்டும் கஸ், தம்முடைய திருமணச் சான்றில் பாதிரியார் கையெழுத்திடவே இல்லை என்பதைக் கண்டுபிடிக்கிறார். அரை நூற்றாண்டு சேர்ந்து வாழ்ந்த முதியவர்கள் சட்டப்படி கணவன் மனைவி அல்லர் என்றாகிறது. ஆகவே மறுபடியும் ஒரு கல்யாணம், மறுபடியும் ஒரு பெரிய விருந்து.

இந்தப் படத்தை எங்கள் வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தபோது மாமியாருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. பாதிப் படத்தில் அவர்கள் கேட்டார்கள்: "அந்த மாப்பிள்ளையோட உம்மா வாப்பாவ ஏன் காட்டவே மாட்டேங்குறாங்க?" நான் கதையை நிறுத்தி யோசித்தேன். இயனின் பெற்றோர் இல்லாமல் இல்லை. ஓரிரு இடங்களில் தலையைக் காட்டுகிறார்கள். ஆனால் கதைக்கு அவர்கள் தேவைப்படவில்லை. இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் மாமியாரின் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வரவில்லை.

ஒரே மகனைப் பக்கத்து வீட்டுக்கு அல்ல, வேறொரு உலகத்துக்கே அனுப்பிவிட்ட அந்த அமைதியான தாய்தந்தையருக்கு இந்தப் பதினான்கு ஆண்டுகள் எப்படிக் கழிந்தன? பேத்திக்குக் கிரேக்கம் தெரியும். அந்தப் பாட்டியின் வீட்டுச் சமையலோ அந்தத் தாத்தாவின் பழக்கங்களோ தெரியுமா? இறைச்சி உண்ணாத அந்த மனிதர் ஆட்டிறைச்சி வாசனை மாறாத வீட்டுக்குப் பக்கத்தில், கதவைத் தட்டாமலே உள்ளே வரும் முப்பது உறவினர்களுக்கு நடுவில், எந்த அறையில் தனியாக உட்கார்ந்தார்? நல்ல தொடர்ச்சிக்கு வேண்டிய பொருள் முழுவதும் முதல் படத்தின் கடைசிக் காட்சியிலேயே இருந்தது. பக்கத்து வீட்டைப் பரிசாகக் கொடுத்தாயிற்று. அந்தப் பரிசின் விலையை யார், எவ்வளவு, எந்தத் தவணையில் கட்டினார்கள் என்று கேட்டிருந்தால் போதும்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. மனைவி வீட்டுக்கு வந்த முதல் ஆண்டில், கூடத்தில் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதே எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. மாப்பிள்ளைக்கென்று ஒதுக்கிய அறையும், மாப்பிள்ளைக்கென்று எடுத்துவைத்த மீன் தலையும், மாப்பிள்ளை வந்தால் தாழ்கிற குரல்களும் மரியாதையாகத்தான் இருந்தன. ஆனால் மரியாதை நீடிக்கும்வரை மனிதன் விருந்தாளி. ஒருநாள் மாமியார் என்னிடம் மற்றவர்களிடம் பேசுவதைப்போலக் கடிந்து பேசியபோதுதான் அந்த வீடு என் வீடானது. இன்றும் அஸர் தொழுகைக்குப் பின் என் உம்மாவின் வீட்டுக்கு நடந்துபோய் ஒரு குவளை தேநீர் குடித்துவிட்டுத்தான் திரும்புகிறேன். உம்மா மவுத்தாகிச் சில ஆண்டுகளாகின்றன. இப்போது அங்கே என் அக்கா, லாத்தா, தேநீர் தருகிறார். இரண்டு வீடுகளுக்கும் நடுவிலான அந்த ஐந்து நிமிட நடையில்தான் என் திருமணத்தின் பாதி இருக்கிறது என்று சொல்வேன். இயனுக்கு அப்படி ஒரு நடையை அந்தப் படம் தரவே இல்லை.

கையெழுத்தில்லாத சான்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது மோசமான கற்பனை அல்ல. நல்ல விதையை வீணடித்த கதை அது. தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாரும் திருமணத்தைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2009-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஊர் ஜமாஅத் பதிவேட்டிலோ பங்குக் கோயில் ஏட்டிலோ உள்ள வரியே சாட்சி. பல வீடுகளில் ஊராரின் நினைவே சாட்சி. வளைகுடாவில் வேலைபார்க்கும் பிள்ளைகள் பெற்றோரை அழைத்துப்போகத் தாள்களைத் தேடும்போதுதான் பல முதிய தம்பதியருக்கு அந்தத் தாள் இல்லை என்பது தெரியவரும். எங்கள் தெருவிலேயே எண்பதை நெருங்கிய ஒரு தம்பதிக்கு அப்படி நேர்ந்தது. 'நீங்கள் இவருடைய மனைவி என்பதற்கு என்ன சான்று' என்று படிவம் நிரப்ப வந்த இளைஞன் கேட்டபோது, அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. அவமானமா, கோபமா, தம் வாழ்நாளையே யாரோ அடித்து எழுதிவிட்ட திகைப்பா என்று பக்கத்தில் இருந்த எங்களுக்குப் பிரித்தறிய முடியவில்லை. பிறகு தாள் கிடைத்தது, பயணமும் நடந்தது. ஆனால் அந்த மௌனத்துக்குள் ஒரு முழுப் படம் இருக்கிறது.

தொல்காப்பியர் கற்பியலில் 'பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப' என்று சொல்கிறார். முதலில் மனிதர் மனம் ஒன்றி வாழ்ந்தனர். பொய்யும் தவறுதலும் புகுந்த பிறகுதான் சடங்கு வேண்டியதாயிற்று. அரை நூற்றாண்டு வாழ்ந்து முடித்தவர்களிடம் அந்தச் சடங்கு செல்லாது என்று சொன்னால், அவர்கள் எதை இழக்கிறார்கள், எதைத் திரும்பத் தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பெறுகிறார்கள் என்பது மிகப் பெரிய கேள்வி. படம் அந்தக் கேள்வியின் விளிம்புவரை வந்துவிடுகிறது. மரியா ஒரு கணம் கழுத்தை உறுதியாக நிமிர்த்தி, முன்பு நீங்கள் என்னை முறையாகக் கேட்கவில்லை, இப்போது கேளுங்கள் என்கிறாள். கஸ் நோயுற்று மருத்துவமனைக்குப் போகும் வேளையில், நான்தான் அவர் மனைவி இல்லையே என்று உடன்போக மறுக்கிறாள். அந்த மறுப்பில் ஐம்பதாண்டுச் சமையலும் காத்திருப்பும் விழுங்கிக்கொண்ட சொற்களும் இருப்பதை மரியாவாக நடித்த லேனி கசானின் முகம் காட்டிவிடுகிறது. பிறகு படுக்கையிலிருந்தபடி கஸ் கேட்கிறார், அவள் சம்மதிக்கிறாள், கதை கல்யாண ஏற்பாட்டு வேடிக்கைகளுக்குள் ஓடிவிடுகிறது. திறந்த கதவைச் சில நிமிடங்களிலேயே சாத்திவிட்டார்கள்.

நம் இலக்கணம் காதல் வாழ்வைக் களவு என்றும் கற்பு என்றும் பிரித்து, தனித்தனி இயல்களாக வைத்திருக்கிறது. களவில் சந்திப்பு, அச்சம், ஊரலர், இறுதியில் வரைவு என்னும் திருமணம். கற்பில் மணத்துக்குப் பின்வரும் வாழ்க்கை: பிரிவு, காத்திருப்பு, சினம், ஊடல், ஊடலைத் தணிக்க வரும் வாயில்கள் என்னும் தூதர்கள். முதல் படம் முற்றிலும் களவிலிருந்து வரைவுவரை போகும் கதை. அது கல்யாணத்தில் முடிவதே முறை. இரண்டாம் படம் கற்பின் கதையாக இருந்திருக்க வேண்டும். அதில் டூலாவும் இயனும் ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்கவே நேரமில்லாத நடுவயதுத் தம்பதியர் என்று சொல்லப்படுகிறது. இருவரும் தனியே வெளியே போய்வர முயல்வதாக ஓரிரு காட்சிகளும் உண்டு. ஆனால் அவர்களுக்குள் ஊடல் என்ற ஒன்றே நிகழவில்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு என்ன குறை, எந்த ஆண்டில் எந்தப் பேச்சு நின்றுபோனது, யார் யாருக்காக எதை விட்டுக்கொடுத்து இன்றும் மறக்காமல் இருக்கிறார் என்று ஒரு சொல் இல்லை. வள்ளுவர் தம் நூலையே ஊடலுவகை என்னும் அதிகாரத்தில்தான் நிறைவு செய்தார். ஊடல் இல்லாத இடத்தில் பிறகு வரும் கூடலுக்கு எடை கிடைப்பதில்லை. இறுதியில் முதியவர்களின் திருமணம் நடக்கும்போது டூலாவும் இயனும் நெகிழ்ந்து நிற்கும் காட்சி அழகாகத்தான் படமாக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் நம் கண் கலங்காததற்குக் காரணம் இதுதான்: அவர்கள் பிரிந்தே இருக்கவில்லை.

கடற்கரையாகிய நெய்தல் நிலத்துக்கு, பிரிந்தவரை நினைத்து வருந்தும் இரங்கலை உரிப்பொருளாக வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இரவு கடலுக்குப் போனவர் விடியலில் கரைசேரும்வரை விழித்திருக்கும் பெண்களைக் கேளுங்கள். கீழக்கரையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறையில் வரும் கணவரோடு முப்பதாண்டு குடித்தனம் நடத்தியவர்களைக் கேளுங்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், ஆண்கள் கரையில் இருக்கும் அந்த நாட்களில் கடலோர ஊர்களில் கல்யாணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கும். பந்தல் பிரித்த சில நாட்களில் படகு கடலுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு தொடங்குவதுதான் குடித்தனம். கல்யாண வீட்டையும் குடித்தன வீட்டையும் நம் மக்கள் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. அந்தப் படம் குழப்பிக்கொண்டது.

தாமதமாக வந்ததால்தான் படம் கெட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. அமெரிக்க இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 1995-இல் தொடங்கிய காதல் கதையை 2004-இலும் 2013-இலும் தொடர்ந்தார். மூன்றாவதான 'பிஃபோர் மிட்நைட்' கிரேக்க நாட்டிலேயே நடக்கிறது. குழந்தைகளை நண்பர்களிடம் விட்டுவிட்டு ஓர் இரவைத் தனியே கழிக்க விடுதிக்குப் போகும் அந்த இணையர், அங்கே இத்தனை ஆண்டுகள் அடக்கிவைத்த எல்லாவற்றையும் ஒருவர் மேல் ஒருவர் கொட்டுகிறார்கள். பார்க்கவே சங்கடமான நீண்ட சண்டை அது. முந்தைய இரு படங்களின் இனிமையை அது கெடுக்கவில்லை. அந்த இனிமை எவ்வளவு எளிதில் உடையக்கூடியது என்று காட்டுவதால் அவற்றின் மதிப்பையே கூட்டிவிடுகிறது.

இதைவிடத் தெளிவான சான்று பிரெஞ்சு இயக்குநர் க்ளோத் லெலூஷுடையது. அவருடைய 'ஒரு ஆணும் ஒரு பெண்ணும்' 1966-இல் கான் விழாவின் உயர் விருதைப் பகிர்ந்துகொண்டது. பிறகு இரண்டு ஆஸ்கர்களையும் பெற்றது. அனூக் எமேயும் ழான்-லூயி த்ரந்திஞானும் நடித்தார்கள். இருபது ஆண்டு கழித்து 1986-இல் அதே இருவரை வைத்துத் தொடர்ச்சி எடுத்தார். அதில் நாயகி திரைப்படத் தயாரிப்பாளராகி, தங்கள் பழைய காதலையே படமாக எடுக்கிறாள். பழைய நினைவைப் பிரதியெடுக்கும் வேலையாக அந்தப் படம் சுருங்கிப்போயிற்று. அதே லெலூஷ் அதே இருவரை வைத்து 2019-இல் மூன்றாவதாக ஒன்று எடுத்தார். நாயகர் முதியோர் இல்லத்தில் நினைவு தேய்ந்துகொண்டிருக்கிறார். நாயகி அவரைப் பார்க்க வருகிறாள். ஐம்பத்து மூன்று ஆண்டுகளின் சுருக்கங்களை மறைக்காமல் இரு முகங்களையும் கேமரா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருபது ஆண்டில் தோற்றவர் ஐம்பத்து மூன்று ஆண்டில் வென்றார். காலம் என்ன செய்துவிட்டது என்று பார்க்கத் துணிந்ததுதான் அந்த வெற்றி. கிரேக்கக் கல்யாணத்தின் இரண்டாம் பாகமோ, காலம் ஒன்றும் செய்யவில்லை, எல்லாரும் அப்படியே இருக்கிறார்கள் என்று நமக்கு ஆறுதல் சொல்ல வந்தது. அந்த ஆறுதல் உங்களுக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

முதல் படத்தின் வெற்றிக்குப் பின் 2003-இல் அதே குடும்பத்தை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்து, ஏழு பகுதிகளோடு நின்றுபோனது. படங்களில் இயனாக நடித்த ஜான் கார்பெட் அதில் நடிக்கவில்லை. மாப்பிள்ளை வேடத்தில் வேறொருவர், வேறொரு பெயரில் வந்தார். மாப்பிள்ளை யாராக இருந்தால் என்ன, குடும்பத்தின் கூச்சல்தான் கதை என்று அப்போதே நினைத்திருக்கிறார்கள். 2016-இல் கார்பெட் திரும்பி வந்தார். அந்த நினைப்பு மாறவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ரியா மார்ட்டின் வூலா அத்தையாக வரும் இடமெல்லாம் இரண்டாம் பாகத்திலும் உயிர் இருக்கிறது. பேத்திக்கு வெளியூர்க் கல்லூரிக்குப் போகும் துணிவைப் பாட்டி மரியா தரும் இடம் உண்மையானது. மகளைப் பிரிய முடியாத டூலாவின் கலக்கமும் நன்று. முன்பு தன் தந்தை தன்னைப் பிடித்துவைத்ததைப்போலவே தான் இப்போது மகளைப் பிடித்துவைக்கிறோம் என்று அவள் உணர்வது, படம் நெடுக வளர்த்திருக்க வேண்டிய இழை. மதுரைக்கோ சென்னைக்கோ மகளைப் படிக்க அனுப்பிவிட்டு, பேருந்து போன பிறகும் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்த எந்தத் தாய்க்கும் அது புரியும்.

மூன்றாம் பாகம் 2023-இல் வர்டலோஸின் இயக்கத்தில் வந்தது. கதையாக அது இரண்டாம் பாகத்தைவிடவும் சிதறலானது. கிரேக்க நாட்டுக் காட்சிகளும் புதிய உறவினர்களும் ஒன்றோடொன்று சேராமல் கிடக்கின்றன. ஆனால் அதில் ஓர் உண்மை தானாகவே வந்து அமர்ந்துவிட்டது. கஸ்ஸாக நடித்த மைக்கேல் கான்ஸ்டன்டைன் 2021-இல் காலமானார். ஆகவே கதையிலும் கஸ் இல்லை. அவர் எழுதிவைத்த குறிப்பேட்டை அவருடைய சொந்த ஊர் நண்பர்களிடம் சேர்க்கத்தான் குடும்பம் புறப்படுகிறது. மரியா நினைவு மங்கி வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். மாமியார் போன பிறகு அந்தப் படத்தை நானும் என் மனைவியும் மட்டும் பார்த்தோம். படம் சுமார்தான் என்று இருவருக்குமே தெரிந்தது. ஆயினும் அந்த வீட்டில் காலியாகக் கிடந்த இரண்டு இடங்களை நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இடம் காலியாகியிருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் அவசரமில்லை.

அதைவிட, முதல் படத்தை உங்கள் கணவரோடு ஒருமுறை பாருங்கள். இறுதியில் டூலா தன் சின்ன மகளோடு வீட்டைவிட்டு வெளியே வருகிறாள். கிரேக்கப் பள்ளிக்குப் போகத்தான் வேண்டும், ஆனால் நீ யாரை விரும்பினாலும் கட்டிக்கொள்ளலாம் என்று அவளுக்கு வாக்குக் கொடுக்கிறாள். பக்கத்தில் பெற்றோரின் வீடு தெரிகிறது. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, இந்த மாப்பிள்ளையின் தாய் வீடு அங்கிருந்து எவ்வளவு தூரம் இருக்கும் என்று அவரிடம் கேளுங்கள். நீங்கள் தேடிய இரண்டாம் பாகத்தை அவர் தம் பக்கத்திலிருந்து உங்களுக்குச் சொல்லக்கூடும்.